தன்னையறிதலும் வகைப்பெயரும்

நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கர் இயல்பு கூறும் பகுதியை யாம் ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் பாடம் சொல்லி வருகின்றோம். பவணந்தியார் மாணாக்கரை மூவகையாகப் பகுத்து எட்டு உவமைகளால் விளக்குகின்றார். பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னமும், மேய்ந்ததை ஓரிடத்தில் இருந்து அசைபோடும் ஆவும் தலையாயார்க்கு உவமை. உழைத்த அளவிற்கே விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததனையன்றிப் பிறிது சொல்லாத கிளியும் இடையாயார்க்கு உவமை. ஊற்றியதெல்லாம் ஒழுகிப்போகும் இல்லிக்குடமும், ஒரு செடியில் நிறைய மேயாது செடிதோறும் வாய் வைக்கும் ஆடும், குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமையும், நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் நெய்யரியும் கடையாயார்க்கு உவமை. இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது வகுப்பில் சிரிப்பு எழும். சிரிப்பு அடங்கியபின் சிறிது அமைதி உண்டாகும். அவ்வமைதியில் யாரேனும் ஒருவர், "ஐயா, நான் இவற்றுள் எது?" என்று கேட்பர். பதினெட்டு ஆண்டுக் காலத்தில் இவ்வினா எழாத ஆண்டு ஒன்றும் எமக்கு நினைவில்லை.

இவ்வினா வியப்பிற்குரியது. நன்னூலார் இப்பகுப்பை மாணாக்கர் தம்மைத் தாம் அறிதற்பொருட்டுச் செய்திலர். பாடம் சொல்வோன் தன்முன் இருப்பவர் எத்தகையர் என அறிந்து சொல்லுதற்பொருட்டே செய்தார். சமணர்தம் நந்தி சூத்திரத்திலும் கேட்போரைக் குடம், சல்லடை, நெய்யரி, அன்னம், எருமை, ஆடு, ஆ முதலியவற்றோடு ஒப்பிடும் நிரல் ஒன்று உண்டு. பவணந்தியாரும் சமணர். ஆதலின், அறம் உரைக்கும் துறவியர் கேட்போரை அளந்தறிதற்குக் கொண்ட கருவி ஒன்று தமிழிலக்கண வகுப்பிற்கு வந்து சேர்ந்தது எனக் கருதுதல் பொருந்தும். அளப்பவன் கையில் இருக்கவேண்டிய கோலை அளக்கப்படுவோன் தானே கைநீட்டி வாங்கித் தன்னை அளந்துகொள்வது ஏன்? இக்கட்டுரை இவ்வொரு வினாவைப் பற்றியது. (ஆசிரியர் ஆகாதார்க்கு நன்னூலார் கூறும் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்னும் உவமைகளையும் அதே வாரத்தில் நடத்துகின்றோம். அந்நான்கனுள் யாம் எது என்று இதுவரை எவரும் எம்மிடம் கேட்டதில்லை. தமக்குள் பேசிக்கொள்வர் போலும்.)

வகுப்பறைக்கு வெளியேயும் இவ்வினா எழக் கண்டோம். கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 ஆம் நாள் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கு யாம் அடிக்கடி செல்வதுண்டு. தம் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போர்க்கென அங்கே தனிக்கூடம் ஒன்று அமைந்துள்ளது. அரசுப் பணித்தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர் பலர் காலையிலேயே வந்து இடம்பிடித்து, இரவு வரை அங்கே இருப்பர். எம்மிடம் முதுகலை பயின்று இப்பொழுது ஆசிரியர் தேர்வுக்குப் படித்துவரும் பெண் ஒருவரை அண்மையில் ஒருநாள் மாலை அக்கூடத்திற்கு வெளியே கண்டோம். தோழியர் இருவரோடு அவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். ஒருவர் கைப்பேசியைப் பார்த்து வினாவைப் படிக்க, மற்றவர் விடை கூறினர். பலரோடு பேசியிருந்துவிட்டு வந்தால் ஊக்கம் பிறக்குமா, களைப்புத் தோன்றுமா என்பன போன்ற வினாக்கள் அவை. முடிவில் நான்கு ஆங்கில எழுத்துகளும், அவற்றின்கீழ் ஒரு பக்க அளவில் விளக்கமும் தோன்றின. மக்களைப் பதினாறு வகையாகப் பகுக்கும் ஆளுமைத் தேர்வு அது. தமக்கு வந்த விளக்கத்தைப் படித்த அப்பெண், "இது நானேதான், ஐயா" என்றார்.

யாம் ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் உடனே மறுக்கத் தொடங்கினோம். நூலகம் இருக்கும் அதே காந்தி மண்டபச் சாலையில் 1988 இல் தொடங்கப்பெற்ற பிர்லா கோளரங்கமும் உள்ளது. அதனைச் சுட்டி, "விண்மீன் வேறு, மனிதன் குணம் வேறு என்று அங்கே கற்றுத் தருகின்றார்கள். சோதிடத்தை நம்பாத நீ இதனை எப்படி நம்புகின்றாய், அம்மா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் மூல நட்சத்திரம், ஐயா. மூன்று இடத்தில் வரன் பேசி, சாதகம் கேட்டவுடன் நின்றுவிட்டது. அந்தப் பெயரை நான் பிறந்த நேரத்தை வைத்து யாரோ வைத்தார்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. இது என்னைக் கேட்டது. அறுபது கேள்வி கேட்டது" என்றார்.

இவ்விடைக்கு மறுமொழி சொல்ல அன்று எம்மால் இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

ஒருவன் இயல்பைச் சோதித்தறியும் முறை தமிழ் நூல்களுக்குப் புதிதன்று. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்னும் 51 ஆம் அதிகாரத்தின் முதற்பாட்டு, அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கனாலும் ஒருவனை ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்னும் கருத்தினது. பரிமேலழகர் இந்நான்கையும் வடமொழிப் பொருள்நூல் கூறும் உபதைகளாகக் கொண்டு, புரோகிதரை விடுத்தும் படைத்தலைவரை விடுத்தும் அரசன் ஒருவனது உள்ளத்தைச் சோதிக்கும் வகையை விரித்து எழுதினார். இங்கே சோதிப்பவன் அரசன். சோதிக்கப்படுவோன் தான் சோதிக்கப்படுவதைக்கூட அறியான். முடிவில் அவனுக்கு வகைப்பெயர் ஒன்றும் கிடைப்பதில்லை. பதவி கிடைக்கும், அல்லது கிடையாது. அதே அதிகாரத்தில், ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் ஆகும் என்னும் கருத்தும் வருகின்றது. தேர்ந்தெடுக்கப்படுவோன் தன்னைப்பற்றி என்ன கருதுகின்றான் என்பது வள்ளுவர்க்கு அவ்விடத்து வேண்டாத செய்தி.

மேலைநாட்டு வினாநிரல்களின் தொடக்கமும் இத்தகையதே. முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் சேர்வோருள், போரின் அதிர்ச்சியால் மனம் நிலைகுலையத் தக்கவரை முன்னரே கண்டு விலக்குதற்பொருட்டு உட்வொர்த் என்னும் உளநூல் அறிஞர் வினாநிரல் ஒன்று அமைத்தார். அஃது ஆம், இல்லை என்னும் விடைகளால் ஆயது. பின்வந்த ஆளுமைத் தேர்வுகள் பலவற்றிற்கு அதுவே முன்னோடி. 1921 இல் சுவிட்சர்லாந்து நாட்டு யுங் என்பார் உளவகைகள் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். பிராய்டும் ஆட்லரும் ஒரே நோயை நோக்கி இருவேறு முடிவுக்கு வரக் காரணம் யாது என்னும் எண்ணம் அந்நூலின் தோற்றுவாய்களுள் ஒன்று. காதரின் பிரிக்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் அந்நூலில் ஆழ்ந்தார். அவரும் அவர்தம் மகள் இசபெல் மையர்ஸும் உளநூலில் முறையான பயிற்சி பெற்றவர் அல்லர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொழிலகங்களில் புதிதாகப் புகும் மகளிர் தமக்கு ஏற்ற பணி எது எனத் தெரிந்துகொள்ள உதவும் என்று கருதி, மகள் வினாநிரலை ஆக்கத் தொடங்கினார். 1962 இல் அமெரிக்கக் கல்வித்தேர்வு நிறுவனம் அதனை வெளியிட்டது. நூலகத்து வாயிலில் யாம் கண்ட பதினாறு வகைப் பகுப்பு இதன் வழிவந்ததே. விடை சொல்வோர்க்கே முடிவையும் உரைத்து, அவர்தம் பெயர் இன்னது எனக் கையில் கொடுப்பது இத்தேர்வின் வழக்கம். அளவுகோல் கைமாறிய இடம் இதுவே.

(இடையே ஒன்று சொல்லுதல் தகும். 1936 இல் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் பேரகராதி ஒன்றை வரிவரியாக ஆராய்ந்து, மனிதரின் இயல்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் 17,953 எனத் தொகுத்தனர். இன்றைய உளநூலார் பலரும் ஏற்கும் ஐம்பெரும் பண்புகள் என்னும் கொள்கை, இத்தகைய சொற்றொகுதிகளை ஆராய்ந்ததன் பயன். எனவே ஆளுமை ஆராய்ச்சியின் ஒரு வேர் அகராதியில் உள்ளது. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகளின் மக்கட்பெயர்த் தொகுதியையும் பண்புப்பெயர்த் தொகுதியையும் இந்நோக்கில் ஆராய்தல் முனைவர்பட்ட மாணவர்க்கு ஏற்ற பணியாகும்.)

இத்தகைய வகைப்பெயர்களை நம்புதல் அறிவுடைமை ஆகாது என்பார்க்கு வலிய சான்று உண்டு. 1948 இல் போரர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் மாணவர் 39 பேர்க்கு ஆளுமைத் தேர்வு ஒன்று நடத்தி, ஒருவார காலத்தில் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே முடிவு எழுதித் தந்தார். அம்முடிவு தம் இயல்புக்கு எவ்வளவு பொருந்துகின்றது என ஐந்திற்கு மதிப்பெண் இடுமாறு வேண்டினார். சராசரி மதிப்பெண் 4.26. பின்னரே அவர் உண்மையை வெளியிட்டார்: 39 பேர்க்கும் கொடுத்தது ஒரே எழுத்து, அதுவும் பெரும்பாலும் கடைத்தெருவில் விற்கும் சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து தொகுத்தது. பிறர் உன்னை விரும்பவேண்டும் என்று நீ நினைக்கின்றாய், உன் ஆற்றலுள் பயன்படாது கிடப்பது மிகுதி என்றாற்போன்ற பொதுமொழிகள் எவர்க்குத்தான் பொருந்தா? பதினாறு வகைத் தேர்வினை ஐந்து வாரம் கழித்து மீண்டும் எழுதியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறு வகையில் வந்து விழக்கூடும் எனவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒருவரை அகமுகத்தார் என்றோ புறமுகத்தார் என்றோ இருபாலும் ஒதுக்குவதே இதற்குக் காரணம். மக்களுள் மிகப்பலர் நடுவில் நிற்பவர். நடுவில் கோடு கிழித்தால், கோட்டின்மேல் நிற்பவன் இன்று இப்பக்கமும் நாளை அப்பக்கமும் கால்வைப்பான்.

இம்மறுப்பை யாம் உடன்படுகின்றோம். ஆயினும், வகைப்பெயர் மெய்யா என்னும் வினாவிற்கே இது விடையாகின்றது. மெய்யன்று என்று அறிந்தபின்னும் மக்கள் அதனை நாடுவது ஏன் என்பதற்கு விடையாகவில்லை. போரர் கண்டதனை உளநூலார் மயக்கம் என்பர். இலக்கியம் கற்பவராகிய நமக்கு அது மிகப் பழைய செய்தி. பொதுவாகச் சொன்ன ஒன்றைக் கேட்போன் தனக்கென்றே சொன்னதாகக் கொள்வதன்மேல் அன்றோ அகப்பாடல் முழுவதும் நிற்கின்றது?

அகத்திணையுள் தலைமக்கள் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்பன ஆள்களின் பெயர் அல்ல. நிற்கும் இடங்களின் பெயர். ஊர், குடி, உறவு எனப் புறத்தே ஒருவனைக் கட்டும் குறிகள் எல்லாம் நீங்கிய வெற்றிடம் அது. கற்போர் அவ்விடத்தில் தாமே புகுந்து நின்று, தம் வாயால் சொல்லக் கூசுவதைத் தலைவியின் வாயால் கேட்டு அமைதி பெறுகின்றனர். நெடுநல்வாடை முழுதும் பிரிவாற்றாத அரசியின் துயரும் பாசறையில் துயிலாத அரசன் நிலையும் பேசுவது. ஆயினும், வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்தது எனப் பாடல் கூறுவதாலும், வேம்பு பாண்டியனது அடையாளப்பூ ஆதலாலும், அது புறமாயிற்று என நச்சினார்க்கினியர் உரைத்தார். ஒரு தழை போதும். பொதுவாய் நின்றது ஒருவன்மேல் ஒட்டிக்கொள்கின்றது.

இவ்வேறுபாடு எம் வினாவிற்குப் பெரிதும் உதவுகின்றது. அப்பெண்ணிற்குக் கிடைத்த நான்கெழுத்து, அவர் தாமே படித்துத் தம்மோடு ஒப்பிட்டு மகிழும் வரை, தலைவி என்னும் பெயர்போல் ஓரிடமாகும். அதனுள் நின்றுகொண்டு, "எனக்குக் கூட்டம் ஆகாது, தனியே இருந்தால் நன்றாகப் படிப்பேன்" என்று தோழியரிடம் அவரால் சொல்ல முடிகின்றது. அதே சொற்களைத் தம் பெயரில் சொல்லியிருந்தால் செருக்கு என்றோ குறை என்றோ கொள்ளப்பட்டிருக்கும். வகையின் பெயரில் சொல்லும்போது அது செய்தியாகின்றது. தன்னைப்பற்றிப் பேசுதல் நம் வீடுகளில், அதிலும் பெண்மக்களுக்கு, எளிதில் கிடைக்கும் உரிமை அன்று. மக்கள் இத்தேர்வுகளில் தேடுவது பெரும்பாலும் உண்மையை அன்று. தன்னைப்பற்றிப் பிறரிடம் எடுத்துரைப்பதற்கு ஒரு கூற்றையே தேடுகின்றனர். எம் கருத்து இதுவே. ஆனால், அதே நான்கெழுத்தைப் பணிக்கு ஆள் எடுப்போர் கேட்டு வாங்கி, அதனைக் கொண்டு ஒருவரை விலக்குவராயின், வேப்பந்தழை கட்டியாயிற்று. ஆள் எடுப்பதற்கு இத்தேர்வைப் பயன்படுத்தலாகாது என்று அதனை வெளியிடும் நிறுவனமே சொல்லியிருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

முதுகலை மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. யுங் கூறிய அகமுகத்தார், புறமுகத்தார் என்னும் பகுப்பை நம் அகம், புறத்தோடு ஒன்றாக்கிக் கட்டுரை எழுதுவோர் சிலர் உளர். அது பொருந்தாது. மடலேறித் தெருவில் வருவேன் என்று தலைவன் கூறுவது அகம். தந்தையையும் குன்றையும் இழந்த பாரிமகளிர் நிலவை நோக்கி வருந்துவது புறம். அகமும் புறமும் பாடலின் பாகுபாடுகள். மனிதரின் பாகுபாடுகள் அல்ல.

இனி மூலம் என்னும் பெயரைக் காண்போம். நன்னூலார் பெயர்ச்சொல்லை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். மரம் என்பதற்கு அப்பெயர் வரக் காரணம் தோன்றவில்லை. பறவை என்பதற்குத் தோன்றுகின்றது. தொல்காப்பியரோ, சொற்பொருளின் காரணம் பார்த்த அளவில் விளங்காது என்ற அளவில் நிறுத்தினார். காரணமே இல்லை எனக் கூறினாரல்லர். சோதிடம் நிற்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இடத்தில். பிறந்தபோது நிலவு நின்ற விண்மீனைக் கொண்டு ஒருவர்க்கு இடும் பெயர், இயல்பை நோக்க, வெறும் இடுகுறி. அதற்குக் காரணம் உண்டு, உனக்கு விளங்கவில்லை என்று சொல்லிவிடின் எவரும் மறுத்துப் பேச முடியாது. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்னும் பழமொழி எத்தனை பெண்களின் மணத்தைத் தடுத்துள்ளது என்பதை அவரவர் உறவிலேயே காணலாம். மூலத்திற் பிறந்தவள் வந்தால் மாமனார்க்கு ஆகாது என்பர். ஆயிலியம் மாமியார்க்கு ஆகாது என்பர். இப்பழமொழி 'ஆனி மூலம்', 'பின் மூலம்' என்பவற்றின் திரிபு என்று விளக்கம் கூறிப் பெண்களைக் காக்க முயல்வாரும் உளர். அவர்தம் நன்னோக்கைப் போற்றுகின்றோம். ஆனால், அவ்விளக்கமும் காலிற் பிறந்ததைப் பாதத்திற் பிறந்ததாக மாற்றி, பழியை வேறு சிலர்மேல் ஏற்றிவிடுகின்றது.

பழைய நூல்களில் இந்நிலை இல்லை. பிறந்த நாண்மீன் என்னும் எண்ணம் புறநானூற்றில் உண்டு. அரசனது நாண்மீன் நிலைபெறுக என வாழ்த்துதலும், மீன் வீழ்ந்தமை கண்டு அரசனுக்குத் தீங்கு வருமோ என அஞ்சுதலும் காண்கின்றோம். ஆனால், அம்மீன் அவன் வாழ்நாளோடு தொடர்புற்றதேயன்றி, அவன் எத்தகையன் என்பதைக் கூறுவதன்று. தலைவன் தலைவியர்க்கு இருக்கவேண்டிய ஒப்புமை பத்து எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணுகின்றார். பிறப்பும் குடிமையும் அவற்றுள் இருக்கின்றன. அதனை மறைத்துப் பேசுதல் தகாது. அவற்றோடு ஆண்டும் உருவும் நிறையும் அருளும் உணர்வும் திருவும் பிறவும் உள. இன்று நட்சத்திரப் பொருத்தம் பார்ப்போர் கொள்ளும் எண்ணிக்கையும் பத்தே. எண் ஒன்றாக இருக்க, உள்ளிருப்பவை முழுதும் மாறிவிட்டன. அருளும் உணர்வும் இருந்த இடத்தில் கணமும் யோனியும் இரச்சும் வந்து அமர்ந்தன. தேவ கணம், மனித கணம், இராட்சத கணம் என்று மக்களைப் பிறந்த மீனாலேயே மூவினமாக்குவதும் இதன் பகுதி. இராட்சத கணம் எனப்பட்ட பெண்ணை அவள் எப்படிப் பேசுவாள், எதற்கு நகுவாள் என்று எவரும் கேட்பதில்லை.

அப்பெண் கூறியதன் பொருள் இப்பொழுது விளங்கும். இடுகுறியாகத் தம்மேல் ஏற்றப்பட்ட பெயர் ஒன்றிற்கு மாறாக, தம் விடைகளைக் காரணமாகக் கொண்ட பெயர் ஒன்றை அவர் வேண்டினார். அக்காரணம் வலியதா, மெலியதா என்பது அடுத்த வினா. தம்மைக் கேட்டு இட்ட பெயர் என்பதே அவர்க்கு முதன்மை.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருப்போம். ஆனால், யாம் செய்த பிழை ஒன்று இக்கருத்திற்கு மறுதலையாக நிற்கின்றது. அதனை மறைத்து எழுதுதல் முறையன்று.

யாம் பணியேற்ற தொடக்கத்தில், வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எம் வகுப்பில் இருந்தார். முதல்நாள் சொன்ன நூற்பா மறுநாள் அவர் நினைவில் இராது. நன்னூற் பாயிரம் நடத்திய நாளில், "இல்லிக்குடம் என்பதற்கு எடுத்துக்காட்டு நம் வகுப்பிலேயே இருக்கின்றது" என்று யாம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டோம். அவர் சினந்திலர், வருந்தியதாகவும் காட்டிக்கொண்டிலர். அன்றுமுதல் அப்பெயரைத் தாமே எடுத்துக்கொண்டார். வினா கேட்டால் எழுந்து, "இல்லிக்குடம், ஐயா" என்று கூறி அமர்ந்துவிடுவார். வகுப்புச் சிரிக்கும்; யாமும் சிரித்தோம். ஈராண்டு இவ்வாறு கழிந்தது. மூன்றாம் ஆண்டு கல்லூரி விழாவில் அவர் தெருக்கூத்து வேடம் புனைந்து, கர்ண மோட்சத்தில் கர்ணன் பகுதியை ஏறத்தாழ ஒருமணி நேரம் ஏடு பாராமல் பாடி ஆடினார். அவர் தந்தையார் கூத்துக் கலைஞர் என்பதை யாம் அன்றுதான் அறிந்தோம். விழா முடிந்தபின், இவ்வளவு பாட்டும் நெஞ்சில் நிற்க, நூற்பா ஏன் நிற்கவில்லை என்று கேட்டோம். "அது வேறு, ஐயா. வகுப்பில் நான் இல்லிக்குடம் அல்லவா" என்றார். குறைகூறும் குரலில் அவர் அதனைச் சொல்லவில்லை. ஊர்ப்பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறர் இட்ட பெயரைத் தன் பெயராக ஏற்பதும் உண்டு. ஏற்றபின் அது நிழலாகவும் அமையும். இல்லிக்குடத்தில் எவரும் நீரைத் தேடார். தவறினால் குடத்தின் தவறு. முயலவேண்டிய கடன் இல்லை. தாமே எழுதிய தேர்வின் வழி வந்த பெயருக்கும் இவ்வியல்பு உண்டு. "நான் இவ்வகையினன், எனவே இது எனக்கு வராது" என்று இளைஞர் கூறக் கேட்கும்போதெல்லாம் அக்கூத்து மேடை எம் கண்முன் வருகின்றது. அம்மாணவரை நன்னூல் ஏமாற்றவில்லை. பாடம் சொல்வோன் தன் நெஞ்சில் வைத்துக்கொள்ளவேண்டிய உவமையை வாய்விட்டு ஒருவன் தலையில் கட்டியது எம் பிழை. அக்குடத்தின் ஓட்டை எத்தகைய நீரைப் பிடித்துவைக்கும் என்று யாம் பார்த்தோம் அல்லோம்.

இவ்விடத்துத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மேற்கொண்ட முறை எமக்குச் சிறப்பாகத் தோன்றுகின்றது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை வைத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன் பற்றித் தோன்றும் என்றார், ஆக முப்பத்திரண்டு. நகையர், அழுகையர் என ஆள்களை அவர் வகுக்கவில்லை. ஒருவரிடத்தே வந்து போகும் நிலைகளை வகுத்தார். இளிவரல் இன்ன காரணத்தால் தோன்றும் என்று அறிந்தவன் காரணத்தை நோக்குவான். தான் இளிவந்தவன் என்று பெயர் பெற்றவன் எதனை நோக்குவான்? இக்கால உளநூலாருள்ளும், நிலைத்த பண்பை மட்டும் நோக்காது, சூழலும் நிலையும் சேர்ந்து ஒருவன் நடத்தையை ஆக்கும் என்பார் 1960களின் இறுதி முதல் வலுப்பெற்றுள்ளனர். இவ்விரு கருத்தையும் ஒப்பிட்டு விரிவாக ஆராய இடம் உண்டு. ஈண்டு விரிப்பின் பெருகும்.

சில வாரம் கழித்து அப்பெண்ணை மீண்டும் நூலகத்தில் கண்டோம். அத்தேர்வை மறுபடியும் எழுதியதாகவும், நான்கெழுத்தில் கடைசி எழுத்து மாறிவிட்டதாகவும் தாமே சொன்னார். எந்தப் பெயரைக் கொள்வது என்று எம்மைக் கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் கேட்கவில்லை, தேர்வுக்கு நாள் நெருங்குகின்றது, அகநானூற்றில் ஐயம் ஒன்று உண்டு என்றார். திருமணம் பாடும் 86 ஆம் பாட்டிலும் 136 ஆம் பாட்டிலும் நல்ல நாளும் மீனும் பேசப்படுகின்றனவே, மணமகள் பிறந்த மீன் எங்கேனும் சொல்லப்படுகின்றதா என்பது அவர் ஐயம். இரண்டாம் தளத்துத் தமிழ் நூற்பகுதிக்குச் சென்று, உரையோடு கூடிய பதிப்பை எடுத்து இருவரும் பார்த்தோம். நிலவு உரோகிணியைக் கூடிய குற்றமற்ற நாள் என்று உரை விளக்குகின்றது. பந்தரில் மணல் பரப்பியதும், மகளிர் நீராட்டி வாழ்த்தியதும், மணமகள் நாணித் தலைகவிழ்ந்ததும் இருக்கின்றன. "மீன் நாளுக்கு உண்டு, அவளுக்கு இல்லை" என்றோம். அவர் அதனைத் தம் குறிப்பேட்டில் பாட்டெண்ணோடு எழுதிக்கொண்டு, கீழே தம் இடத்திற்குச் சென்றார்.